தென்காசி ரோட்டுக்கு ஒரு பழைய ஹாட் ஹேட்ச்: போலோவா, அபார்த்தா, பலேனோ ஆர்எஸ்ஸா, பழைய ஸ்விஃப்டா?

அக்கா மகனுக்கு வீடு தென்காசியில், வேலை திருநெல்வேலி வண்ணார்பேட்டையில். வாரத்தில் மூன்று நாள் ஆலங்குளம் வழியாக வந்து போகிறான். போக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், வர அதே அளவு. குற்றாலச் சீசன் தொடங்கிவிட்டால் செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு வரை ஒரு சுற்றுப் போய்வராவிட்டால் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கழியாது. ஆறு லட்சம் ரூபாய் சேர்த்துவிட்டு, போன மாதம் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, போலோ ஜிடி எடுக்கட்டுமா, அபார்த் எடுக்கட்டுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

"ரெண்டு இல்ல மருமவனே, நாலு இருக்கு" என்றேன்: ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி, ஃபியட்டின் அபார்த் புண்டோ, மாருதியின் பலேனோ ஆர்எஸ், மாருதியின் பழைய ஸ்விஃப்ட். அன்று ராத்திரி பதினொரு மணிவரை பேசினோம். இதே கேள்வியோடு பாளையங்கோட்டையிலும் கோவில்பட்டியிலும் இன்னும் பல பையன்கள் இருப்பார்கள் என்பதால், அன்று சொன்னதை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஃபியட் பேலியோ 1.6 ஒன்றை ஆறு வருடம் வைத்திருந்தேன். 2007 மாடல் ஸ்விஃப்ட் 1.3 ஒன்றை இன்றும் ஓட்டுகிறேன். பேட்டையில் இருக்கும் ஒரு பட்டறையில் கடந்த பதினைந்து வருடமாக என் சனிக்கிழமைகளில் பாதி போயிருக்கிறது. அந்தப் பட்டறை அண்ணாச்சியிடம் கற்றதுதான் இதில் பெரும்பங்கு.

ஹாட் ஹேட்ச் என்றால் பெரிய விளக்கம் தேவையில்லை. வீட்டுக் காய்கறி வாங்கப் போகும் சின்ன வண்டிக்குள் அதைவிடப் பலமான எஞ்சினை வைத்து, பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் அதற்கேற்ப இறுக்கினால் அதுதான். ஜெர்மனியில் 1976இல் விற்பனைக்கு வந்த கோல்ஃப் ஜிடிஐ 110 குதிரைத்திறன்தான் கொடுத்தது. ஆனால் வண்டி லேசு. நம் நாட்டில் இந்த வகை அரிதாகப் போனதற்கு வரிதான் காரணம். நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1200 சிசி பெட்ரோல் எஞ்சினுக்குள் இருந்தால் சின்னக் காருக்கான குறைந்த வரி என்ற விதி 2006இல் வந்தது. அதற்கு முன் வந்த பேலியோவுக்கு 1.6 லிட்டர், அதாவது 1600 சிசி எஞ்சின் இருந்தது, முதல் ஸ்விஃப்டுக்கு 1.3 இருந்தது. அந்த விதிக்குப் பின் வேகமான சின்னக் கார் வேண்டுமென்றால் சின்ன எஞ்சினில், அதற்குள் கூடுதல் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவை வைப்பதுதான் வழி என்றாகிவிட்டது. போலோ ஜிடியின் 1.2 டிஎஸ்ஐயும், பலேனோ ஆர்எஸ்ஸின் 1.0 பூஸ்டர்ஜெட்டும் அப்படி வந்தவை. அபார்த் மட்டும் 1.4ஐ வைத்துக்கொண்டு கூடுதல் வரியைக் கட்டியது.

எண்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 2005இல் வந்த ஸ்விஃப்ட் 1.3: 87 குதிரைத்திறன், 113 நியூட்டன் மீட்டர் இழுவிசை. 2013இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ: 105, 175. 2015 அக்டோபரில் வந்த அபார்த் புண்டோ: 145, 212. 2017இல் வந்த பலேனோ ஆர்எஸ்: 102, 150. இந்த வரிசையைப் பார்த்தவுடன் அபார்த் என்று கையைத் தூக்கத் தோன்றும். அவனும் தூக்கினான். ஆனால் பலேனோ ஆர்எஸ்ஸின் எடை 950 கிலோதான். ஸ்விஃப்டும் ஏறத்தாழ ஆயிரம் கிலோ. நம் ரோட்டில், பாவூர்சத்திரம் தாண்டி ஒரு டிப்பரை முந்த வேண்டிய அந்த நாலு விநாடியில், எடை குறைந்த வண்டியின் 150 நியூட்டன் மீட்டர் போதுமான அளவுக்கு மேல்.

பேலியோ 1.6ஐ இந்தப் பட்டியலில் சேர்க்காதது எனக்கு வருத்தம்தான். நூறு குதிரைத்திறன், கதவை மூடினால் அம்பாசிடர் கதவு போலக் கனத்த சத்தம், ஸ்டீயரிங்கில் ரோடு பேசும். ஆனால் ஃபியட் 2019இல் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. பேலியோவுக்கு ஒரு கதவுக் கைப்பிடி உடைந்தால்கூட நான்கு ஊருக்குப் போன் போட வேண்டும். என்னுடையதை நான் விற்றது எஞ்சின் கெட்டு அல்ல. ஒரு ஸ்டீயரிங் ரேக்குக்காக ஏழு வாரம் வண்டி பட்டறையில் நின்றது, அதனால்.

போலோ ஜிடியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பையன்களின் மனசு அதில்தான் இருக்கிறது. இருப்பதற்கு நியாயம் உண்டு. இந்த நான்கில் நிறைவாக வார்க்கப்பட்ட வண்டி அதுதான். நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில் நூறில் போகும்போது மற்ற மூன்றும் தங்கள் வேகத்தைக் காட்டிக்கொடுக்கும், போலோ காட்டாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில், ஆடிக் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் நாளில், என் ஸ்விஃப்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். போலோவை ஒரு கையில் விடலாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோள்பட்டை வலிக்காது. வழுக்கலில் வண்டியைத் தானே நேராக்கும் இஎஸ்பி அதில் இருக்கிறது. குற்றாலச் சாரலில் நனைந்த புளியரை எஸ் வளைவில் அதற்கு விலை சொல்ல முடியாது.

பிரச்சினை கியர்பெட்டியில். டிஎஸ்ஜி என்ற, தானாகக் கியர் மாற்றும் ஏழு கியர் பெட்டி, இரண்டு கிளட்ச், இரண்டும் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். அந்தக் கிளட்சைப் பிடிப்பதும் விடுவதும் மெகாட்ரானிக் என்ற மின்-எண்ணெய்க் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வேலை. உலர் கிளட்ச் சூட்டைத் தாங்காது. வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் மே மாதத்தில், வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் ஐந்து மணிக்கு, பஸ்ஸுக்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்துகொண்டே இருக்கும். மேனுவல் வண்டியில் அரைக் கிளட்சில் நிற்பதை நம் கால் உணரும், இதில் உணராது. டிஎஸ்ஜி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது: முன்னால் ஒரு வண்டி நீளம் இடைவெளி விட்டு நின்று, இடம் கிடைத்ததும் ஒரே தடவையில் போய்ச் சேருங்கள். மேட்டில் ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், பிரேக்கால் நிறுத்துங்கள்.

ஆனால் இதெல்லாம் உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் செய்தாரா என்பதுதான் கேள்வி. பத்து வருட ஜிடியை வாங்குகிறவர் அந்த மனிதரின் காலையும் சேர்த்து வாங்குகிறார். ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும் இடத்தில் வெட்டு, ரிவர்ஸ் எடுக்கும்போது நடுக்கம், மெதுவாக ஊரும்போது உதறல், இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளட்ச் தொகுப்புக்கும் சிலவேளை மெகாட்ரானிக்குக்கும் பணம் எடுத்து வைக்க வேண்டும். அந்தச் செலவு, வண்டி விலையில் பெரிய பங்கு. அந்த வேலை தெரிந்த கைகளும் நம் பக்கம் குறைவு. அண்ணாச்சி பட்டறைக்கு வந்த இரண்டு ஜிடிகளையும் மதுரைக்குத்தான் ஏற்றி அனுப்பினோம்.

எஞ்சினிலும் இரண்டு விஷயம் உண்டு. காலையில் குளிர்ந்த எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு மூன்று விநாடி கரகரவென்று சங்கிலிச் சத்தம் வந்தால், டைமிங் செயினும் அதை இறுக்கும் டென்ஷனரும் தேய்ந்திருக்கின்றன. அடுத்தது, இந்த எஞ்சினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுவதால், உள்ளிழுக்கும் வால்வுகளைப் பெட்ரோல் கழுவாது. வருடக்கணக்கில் கரி படியும். ஐடிலில் நடுக்கம், பிக்கப்பில் மந்தம் என்றால் அதையும் சந்தேகப்பட வேண்டும். ஆயிலை ஃபோக்ஸ்வாகனின் 502 00 தரத்துக்குக் குறையாமல் போட்டாரா, பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லாத ஜிடி எவ்வளவு மின்னினாலும் நான் தொட மாட்டேன்.

இந்த இடத்தில் எனக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். 2024 மாசி மாதம், ஒரு நண்பனுக்காக வெள்ளை போலோ ஒன்றைப் பார்க்கப் போனோம். பழைய கார் விற்கும் இடம், பெயர் வேண்டாம். பெயிண்ட் கண்ணாடி மாதிரி. மீட்டரில் 48,000. உள்ளே ஏதோ சந்தன வாசனை தூக்கலாக அடித்தது. நண்பன் அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கைவிட்டுவிட்டான். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் டிரைவர் சீட்பெல்ட்டைக் கடைசிவரை, உருளையில் இனி வராது என்கிற அளவுக்கு, வெளியே இழுத்தார். அடியில் ஒரு முழத்துக்கு மண் நிறத்தில் கோடு.

"இது ஆத்துத் தண்ணி குடிச்ச வண்டி. நீங்க வாங்காதீய" என்று நண்பனிடம் சொன்னார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பக்கம் மழை. தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் துண்டிக்கப்பட்டன. வீட்டு வாசலில் நின்ற கார்கள் எத்தனையோ முங்கின. அதே மாதம் சென்னையிலும் வெள்ளம். அந்த வண்டிகள் எங்கும் போய்விடவில்லை. கழுவி, சீட் மாற்றி, வேறு மாவட்டத்துக்குக் கைமாறி இன்றும் விற்பனையில் இருக்கின்றன. பழைய எஞ்சின் வண்டி தண்ணீரில் முங்கினால் காயவைத்துப் பிழைக்க வைக்கலாம். டர்போவும் இருபது கம்ப்யூட்டர் பெட்டிகளும் உள்ள வண்டி முங்கினால், ஒரு வருடம் கழித்து ஏதோ ஒரு இணைப்பான் பச்சை பூத்து, நடு ரோட்டில் நிற்கும். அதனால் எந்த வண்டியானாலும் நான்கு சீட்பெல்ட்டையும் முழுக்க இழுங்கள். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டில் துரு இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னி குழியின் அடிப்பகுதி, ஃபியூஸ் பெட்டியின் பின்புறம், கார்ப்பெட்டின் அடிப்பக்கம், எல்லாவற்றையும் கையால் தடவிப் பாருங்கள். இன்சூரன்ஸ் பழைய பாலிசிகளைக் கேட்டு வாங்குங்கள். 2024இல் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) திடீரென்று பூஜ்யமாகியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இனி அபார்த். அண்ணாச்சியின் பட்டறைக்கு ஒன்று வருகிறது. உரிமையாளர் வள்ளியூர்க்காரர், ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். பணகுடிக்குப் பக்கத்தில் மூன்றாவது கியரில் அழுத்தியபோது கிடைத்த அந்த இழுவை, நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் கடித்து நிறுத்திய விதம், கையில் கனமாக உட்காரும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங், இவற்றை மறக்க முடியவில்லை. நூறைத் தொட 8.8 விநாடி என்று கம்பெனி சொன்ன வண்டி. இந்தியாவில் பத்து லட்ச ரூபாய்க்குள் அதற்கு முன்னும் பின்னும் இப்படி ஒரு வண்டி விற்கப்பட்டதில்லை என்றே நினைக்கிறேன். மனசுக்கு மட்டும் வண்டி வாங்குவதானால் கேள்வியே இல்லை.

ஆனால் அதன் வயிறு தரையிலிருந்து 155 மில்லிமீட்டர்தான். நம் கிராமத்து வேகத்தடைகளை அளவு பார்த்து யாரும் போடுவதில்லை; ஆலங்குளம் பக்கத்துக் கிளைச் சாலைகளில் சில, வெள்ளைக் கோடுகூட இல்லாமல் ராத்திரியில் திடீரென்று எழுந்து நிற்கும். பதினாறு அங்குல சக்கரத்தில் டயரின் பக்கச் சுவரும் குட்டை. ஒரு குழியில் விழுந்தால் அலாய் வளையும். இன்னொன்றையும் சொல்கிறேன். தை, மாசியில் சங்கரன்கோவில், கயத்தாறு பக்கம் கரிசல்காட்டு ரோடுகளில் உளுந்துச் செடியையும் கொள்ளுச் செடியையும் ரோட்டில் பரப்பி வைப்பார்கள். போகிற வண்டி மிதித்துக் கதிரடித்துக் கொடுக்கும். தாழ்ந்த வண்டியின் அடியில் அந்தக் கொடி சுற்றிக்கொள்ளும். சைலன்சர் குழாயின் சூட்டில் அது புகைய ஆரம்பித்து வண்டியே எரிந்ததும் உண்டு. டர்போ வண்டியின் குழாய் இன்னும் சூடு. அப்படி ஒரு பரப்பைத் தாண்டினால் அடுத்த நிழலில் நிறுத்தி, குனிந்து பார்த்து, கம்பால் இழுத்து எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதை அபார்த் என்றில்லை, எல்லோருக்கும் சொல்கிறேன்.

உதிரிபாகம் பேலியோ அளவுக்கு மோசமில்லை. அதே 1.4 டி-ஜெட் எஞ்சின் ஃபியட்டின் லீனியா காரிலும் வந்தது. சாதாரண புண்டோவின் கதவும் கண்ணாடியும் பொருந்தும். ஆனால் பாகம் புனேயிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வரவேண்டும், வரும்வரை வண்டி நிற்கும். டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் வாங்கிய வாரமே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட வேண்டும். வீட்டில் தினசரி ஓட்ட இன்னொரு வண்டி இருக்கிறவர்களுக்கு அபார்த்தை நான் தடுக்க மாட்டேன். வாரம் மூன்று நாள் அலுவலகம் போக ஒரே வண்டி என்கிற இவனுக்குத் தடுத்தேன்.

"அப்ப பலேனோவா மாமா? எங்கம்மா வண்டி மாதிரில்லா இருக்கும்!"

அந்த எண்ணம்தான் பலேனோ ஆர்எஸ்ஸுக்கு எதிராக எல்லோரும் சொல்வது. வெளியிலிருந்து பார்த்தால் தெருவுக்கு நாலு நிற்கும் பலேனோ. அதையே நான் அதன் பலமாகப் பார்க்கிறேன். கதவு, பம்பர், லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர், வீல் பேரிங் எல்லாம் முக்கூடலில்கூடக் கிடைக்கும். எந்தப் பட்டறைப் பையனுக்கும் அந்த வண்டியின் அடிப்பாகம் தெரியும். எஞ்சின் மட்டும் ஜப்பானிலிருந்து வந்தது. டர்போவும் அதைச் சுற்றிய பாகங்களும் ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டியவை. ஐந்து கியர் மேனுவல், நான்கு பக்கமும் டிஸ்க் பிரேக், 170 மில்லிமீட்டர் தரை இடைவெளி. நிமிடத்துக்கு 1,700 சுழற்சியிலேயே முழு இழுவையும் வந்துவிடுவதால் ஊருக்குள் கியரை மாற்றி மாற்றிச் சாக வேண்டாம்.

குறை இருக்கிறது. ஸ்டீயரிங் லேசு, கையில் எதுவும் பேசாது. கதவுத் தகடு போலோ மாதிரி கனமில்லை. இஎஸ்பி இல்லை. இன்னொன்று முக்கியம்: பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்பில் குறை இருக்கலாம் என்று 2023 ஏப்ரலில் மாருதி 7,213 பலேனோ ஆர்எஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2016 அக்டோபர் முதல் 2019 நவம்பர் தொடக்கம் வரை தயாரானவை. அந்தப் பம்ப் போனால் பிரேக் பெடல் கல்லாகிவிடும். சேசிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு மாருதி சர்வீஸுக்குப் போனால் அந்த வேலை முடிந்ததா என்று சொல்லிவிடுவார்கள். முடியவில்லையென்றால் இலவசமாகவே மாற்றித் தருவார்கள். ஆர்எஸ் வாங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

ஸ்விஃப்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் நான் நிறுத்த மாட்டேன். 2005 முதல் 2010 வரை வந்த 1.3 எஞ்சின் டர்போ இல்லாமல் மேலே மேலே பாடிக்கொண்டு ஏறும்; நாலாயிரத்துக்கு மேல்தான் விழித்துக்கொள்ளும். வளைவில் வால் லேசாக உதவும். ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டி. ஆறு லட்சத்தில் பாதிக்கும் கீழே ஒரு நல்லதை வாங்கி, அடிமுதல் நுனிவரை புதிதாக்கிவிடலாம். இசட்எக்ஸ்ஐ வகையைத் தேடுங்கள். இரண்டு ஏர்பேகும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்து வருவது அதில்தான். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

இதில் வயதுதான் தடை. பதினைந்து வருடம் கடந்த வண்டியை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை ஆர்டிஓ ஆபீஸில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். இருபது வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆனது. டிஎன் 72ஓ டிஎன் 76ஓ, நம் பதிவு எண் என்றால் வேலை எளிது. திருவனந்தபுரத்தில் விலை குறைவு என்று கேஎல் வண்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், அங்கிருந்து என்ஓசியும் இங்கே வாழ்நாள் வரியும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் போகவும். லாபம் பல தடவை அங்கேயே கரைந்துவிடுகிறது.

பெட்ரோலையும் பேச வேண்டும். இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டிகள் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ரப்பரைக் கடிக்கும், ஈரத்தை இழுக்கும், மைலேஜைக் கொஞ்சம் குறைக்கும். பழைய ஸ்விஃப்டில் பெட்ரோல் ஹோஸ்களை எல்லாம் நான் மாற்றிவிட்டேன். பழைய ஹோஸ் ஒன்றை விரலால் மடக்கியபோது அப்பளம் போல வெடித்தது. இரண்டு மாதம் ஓட்டாமல் டேங்கை நிரப்பி நிறுத்தி வைக்காதீர்கள். டர்போ மூன்றுக்கும், வெயில் காலத்தில், ஆக்டேன் எண் கூடிய பெட்ரோல் போட்டால் வித்தியாசம் தெரிகிறது. எண் குறைந்ததில் எஞ்சின் தட்டும் சத்தத்தைக் கண்டுபிடித்து கம்ப்யூட்டர் தானாகவே பொறியைப் பின்னுக்குத் தள்ளும். கெடாது, ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய குதிரைகளில் சில தூங்கும்.

டியூனிங் என்றதும் அக்கா மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கோயம்புத்தூரில் யாரோ ரீமேப் செய்கிறார்களாம், போய்வர எழுநூறு கிலோமீட்டர், ஒரே நாளில் முடித்துவிடலாமாம். கோயம்புத்தூருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கரிவரதன் காலத்திலிருந்து ரேஸ் வண்டி கட்டிய ஊர். செட்டிபாளையம் ரேஸ் தடம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ரீமேப் என்றால் டர்போ அழுத்தத்தையும் பொறி நேரத்தையும் கம்ப்யூட்டரில் மாற்றி எழுதுவது. டர்போ வண்டிக்கு அதில் பலன் உண்டு. என் ஸ்விஃப்ட் மாதிரி டர்போ இல்லாததற்குக் காசுக்கேற்ற பலன் இல்லை. போலோவை ரீமேப் செய்தால் 175 நியூட்டன் மீட்டர் 200ஐத் தாண்டும். அந்தக் கியர்பெட்டி வடிவமைக்கப்பட்டது 250க்கு. காகிதத்தில் இடம் இருக்கிறது. ஏற்கெனவே தேய்ந்த உலர் கிளட்சில் இல்லை.

ஆனால் அதெல்லாம் ஐந்தாவது வேலை. முதல் வேலை டயர். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். "1218" என்றிருந்தால் 2018இன் பன்னிரண்டாம் வாரம். ஆறு வருடம் தாண்டிய டயர் எவ்வளவு பள்ளம் மீதி இருந்தாலும் நம் வெயிலில் கல்லாகியிருக்கும், மழையில் பிடிக்காது. இரண்டாவது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் குடித்தது 155க்கே கொதித்துவிடலாம். ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்கும்போது, முன்னால் மரம் ஏற்றிய லாரி, பின்னால் கேரள பஸ், பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டு வந்தால், ஒரு வளைவில் பெடல் பஞ்சு போல உள்ளே போகும். எனக்குப் போயிருக்கிறது, பேலியோவில், 2009இல். இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஓரத்து மண்ணில் நிறுத்தினேன். பக்கத்தில் மனைவி, பின்னால் மூன்று வயது மகள். அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றாமல் இருந்ததில்லை.

மூன்றாவது ரப்பர் புஷ்கள், ஷாக் அப்சார்பர், எஞ்சின் மவுண்ட். பத்து வருட வண்டியில் இவற்றைப் புதிதாக்கினால் ஓட்டுகிறவருக்கு வேறு வண்டி கிடைத்தது போல இருக்கும். எந்த ரீமேப்பும் கொடுக்காத சந்தோஷம் அது. நாலாவது அலைன்மென்ட், நல்ல பிரேக் பேட். தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கை வெட்டுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். வெட்டிய ஸ்பிரிங் குழியில் இறங்கும்போது தான் உட்காரும் கிண்ணத்தை விட்டு நழுவலாம். எண்ணெய் தடவிய பருத்தி ஏர் ஃபில்டரும் வேண்டாம். திசையன்விளை, உடன்குடித் தேரிச் செம்மணலுக்குக் கம்பெனிக் காகித ஃபில்டரே நல்லது, அடிக்கடி மாற்றினால் போதும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அம்சத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சத்தமான சைலன்சர், அகல டயர் எல்லாம் ஆர்டிஓ புதுப்பிப்பில் மாட்டும். அதைவிட முக்கியம், விபத்து என்று வந்தால் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தை மறுக்கலாம். கம்பெனி அளவு டயரும், புது புஷ்ஷும், நல்ல பிரேக் ஆயிலும் எந்தச் சட்டத்தையும் மீறுவதில்லை.

எல்லாம் கேட்டபின் அவன் கேட்டது: "அப்ப நீங்க என்னதான் சொல்லுதீய மாமா?"

பலேனோ ஆர்எஸ். ஐந்து லட்சத்துக்குள் வண்டி, மீதி ஒரு லட்சம் டயர், பிரேக், புஷ், ஆயிலுக்கு. முதல் வருடம் ரீமேப் இல்லை. அடுத்த தேர்வு, எல்லா பில்லும் உள்ள, கிளட்ச் மாற்றிய போலோ ஜிடி. அதுவும் அண்ணாச்சி ஓட்டிப் பார்த்துச் சரி சொன்னால். அபார்த்தை அவன் வீட்டில் இரண்டாவது வண்டி வரும் காலத்துக்கு ஒத்திவைக்கச் சொன்னேன். ஸ்விஃப்ட் அவன் விருப்பத்தில் இல்லை, அதை வற்புறுத்தவில்லை. நெடுஞ்சாலையில் வாரம் முந்நூறு கிலோமீட்டர் ஓடுகிற பிள்ளைக்கு இருபது வருட வண்டியின் தகட்டை நம்பிக் கொடுக்க எனக்கும் மனசில்லை. முகம் கொஞ்சம் வாடியது. மறுநாள் காலை அவனே மூன்று ஆர்எஸ் விளம்பரங்களை அனுப்பியிருந்தான்.

அதில் ஒன்று பெருமாள்புரத்தில், ஒரே உரிமையாளர், 2018. வரும் ஞாயிறு போகிறோம். அண்ணாச்சி ஸ்கேனரும் டார்ச்சும் கொண்டு வருகிறார். பம்ப் மாற்றியாயிற்றா என்று கேட்க சேசிஸ் எண்ணை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டேன். விற்பவரிடம் ஒன்றை மட்டும் போனில் சொல்லியிருக்கிறேன்: "சார், நாங்க ஏழரைக்கு வந்துருவோம். அதுவரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாம வைங்க."